வண்டி போகாத ரோட்டில் வந்த சீர்

1

நான் இருப்பது வெளிநாடு இல்லை. பாஸ்போர்ட் கேட்க மாட்டார்கள். அந்தியூரில் ஏறி பர்கூர் மலையைத் தாண்டினால் ஹனூர், கொள்ளேகால், அப்புறம் மைசூர். காலையில் கிளம்பினால் மதியச் சாப்பாட்டுக்கு வந்துவிடலாம். ஆனாலும் கல்யாணமாகி இங்கே வந்த நாளிலிருந்து எங்கள் ஊரில் என்னைச் சீமைக்குப் போனவள் என்றுதான் சொல்கிறார்கள். நான் மறுத்துச் சொன்னதில்லை. எதையும் மறுத்துச் சொல்கிற பழக்கம் எனக்குக் கிடையாது. ஒத்துக்கொண்டு சொல்கிற பழக்கமும் அதிகமில்லை.

நேற்று எங்கள் ரோட்டுக்கு ஒரு வயது நிறைந்தது. நானும் என் வீட்டுக்காரரும் வேகவைத்த கடலைக்காய் வண்டி போட்டிருக்கும் ரோடு அது. சனி, ஞாயிறு சாயங்காலங்களில் அதில் வண்டி வாகனம் விடுவதில்லை என்று ஆக்கி ஒரு வருடம் ஆகிவிட்டதாம். பந்தல் போட்டு கேக் வெட்டினார்கள். கேக்கின் மேல் ரோட்டைப் போலவே கறுப்பு கிரீம், இரண்டு ஓரமும் நடைபாதை, நடுவில் சர்க்கரையில் செய்த மனிதர்கள். ஒரு மனிதரை எனக்குக் கொடுத்தார்கள். சாப்பிடலாம் என்றார்கள். கண் மூக்கெல்லாம் இருந்ததால் சாப்பிட மனம் வரவில்லை. வீட்டுக்குக் கொண்டு வந்து வைத்தேன், எறும்பு சாப்பிட்டது.

பிறகு, வியாபாரிகள் சார்பில் சரஸ்வதியம்மா இரண்டு வார்த்தை பேசுவார் என்று மைக்கில் சொல்லிவிட்டார்கள். என்னைக் கேட்காமல்தான் சொன்னார்கள். மேடை ஏறினேன். "நமஸ்காரா" என்றேன். அது ஒரு வார்த்தை. இரண்டாவது வரவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கைதட்டி இறக்கிவிட்டார்கள்.

அங்கே சொல்ல இருந்தது இதுதான். கன்னடத்தில் சொல்லியிருந்தாலும் அவர்களுக்குப் பாதிதான் புரிந்திருக்கும். நம் பக்கத்து ஆட்களுக்கு முழுக்கப் புரியும்.

2

முந்தி அந்த ரோடு எப்படி இருந்தது என்று சொல்லிவிடுகிறேன். ஒரு பக்கம் பொருட்காட்சி மைதானம், ராட்டினம், ராஜா வேஷம் கட்டி போட்டோ எடுக்கிற கடை, ஐஸ்கிரீம் கடைகள். இன்னொரு பக்கம் டூர் பஸ்கள் நிற்கும் இடம். ஊர் பார்க்க வருகிறவர்கள் இறங்குவது அந்தப் பக்கம், பார்க்க வேண்டியதெல்லாம் இந்தப் பக்கம், நடுவில் ரோடு. ஆட்டோவும் லாரியும் மோட்டார் சைக்கிளும் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு போகும். நம் தமிழ்நாட்டு டூர் கூட்டம் என்றால் தூரத்திலேயே தெரியும். ஒருத்தி சேலையை ஒருத்தி பிடித்துக்கொண்டு "வாங்கடி வாங்கடி" என்று பாதி ரோடு வரை வருவார்கள். பஸ் ஹாரன் அடித்ததும் "போங்கடி போங்கடி" என்று திரும்பிப் போவார்கள். இந்தப் பக்கத்தைத் தொடாமலே மைசூரைப் பார்த்துவிட்டதாகச் சொல்லி ஊருக்குப் போனவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள்.

நடைபாதை அப்போதும் இருந்தது. அதன் மேல் மோட்டார் சைக்கிள்கள், ஜூஸ் கடையின் பெஞ்சுகள், பக்கத்தில் வெள்ளரிக்காய் விற்கும் ஜயம்மாவின் வண்டி, என் வண்டி. நடக்கிறவர்களுக்கு மட்டும் இடமில்லை.

ஒருநாள் எங்களையெல்லாம் அதிகாரிகள் ஏசி போட்ட ஒரு ரூமுக்குக் கூப்பிட்டார்கள். சுவரில் ஏதோ ஒரு தேசத்துத் தெருவின் படம் காட்டினார்கள். வண்டியே இல்லை. ஜனங்கள் கையை வீசிக்கொண்டு நடந்தார்கள், சிலர் நாயோடு நடந்தார்கள். நம் ரோட்டையும் இப்படி ஆக்கப் போகிறோம் என்றார்கள். ஜயம்மா எழுந்து, ஆக்குங்கள், ஆனால் வருகிறவர்களுக்கு முதலில் கக்கூஸ் கட்டுங்கள் என்றாள். ரூமே சிரித்தது. அப்புறம் ஓர் அதிகாரி என்னைப் பார்த்து, "அம்மா, நிம்கே ஏனு பேகு?" என்றார். உங்களுக்கு என்ன வேண்டும் என்கிறார். எனக்கும் ஜயம்மா சொன்னதுதான் வேண்டும். ஆனால் இத்தனை பேர் முன்னால் இரண்டாவது முறை அதையே எப்படிச் சொல்வது? "ஏனு பேடா" என்றேன். ஒன்றும் வேண்டாம். அந்த அம்மாவுக்குக் குறை ஒன்றுமில்லை என்று எழுதிக்கொண்டார்கள்.

கன்னடம் எனக்குப் பேச வராமல் இல்லை. வந்த புதிதில்தான் தடுமாற்றம். மளிகைக் கடையில் மிளகாய் என்று நினைத்து "மெணசு" கேட்டேன். மிளகைப் பொட்டலம் கட்டிக் கொடுத்தார். தப்பு என்று திருப்பிக் கொடுக்கக் கூச்சமாக இருந்தது. அந்த வாரம் முழுக்க எங்கள் வீட்டில் மிளகுக் குழம்புதான். என் வீட்டுக்காரர், சளி நன்றாகப் போயிற்று என்றார்.

ரோட்டு வேலை ஆரம்பித்தது. கல் பதித்தவர்கள் பாதிப் பேர் தர்மபுரிப் பக்கத்து ஆட்கள். நடைபாதையை அகலமாக்கினார்கள், நடுநடுவே கல் பெஞ்சு போட்டார்கள், ஓரத்தில் வண்டி ஏறாதபடி இரும்புக் குட்டைத் தூண்கள் நட்டார்கள். எங்கள் வண்டிகளுக்கு மஞ்சள் பெயிண்டில் கட்டம் போட்டுக் கொடுத்தார்கள். கட்டம் பெரியது, வண்டி சின்னது. மைசூருக்கு வந்து முதல் தடவையாக எனக்கு இடம் மிச்சமாக இருந்தது.

கக்கூஸும் கட்டினார்கள். ஜயம்மா அதைத் தன் சொந்தக் கட்டடம் போலக் காட்டுவாள்.

3

எனக்கு ஒரே பெண், சுமதி. இங்கேயே மைசூரில் ஹெப்பாளில் ஒரு கம்பெனியில் வேலை. கம்பெனி பஸ் வந்து கூட்டிப் போகும். அவளுக்குத் தமிழ் பேசத் தெரியும், சண்டை போடத் தெரியாது. கோபம் வந்தால் கன்னடம்தான் வரும். அதனால் எனக்கும் அவளுக்கும் நடந்த சண்டைகளில் எல்லாம் நான் ஒரு பாஷையிலும் அவள் ஒரு பாஷையிலும் நின்றோம். பெரும்பாலும் நான் பேசாமல் நின்றேன்.

முப்பது வயதைத் தாண்டிய பிறகு ஒருநாள், தன்னோடு வேலை செய்யும் மஞ்சுநாத் என்ற கன்னடப் பையனைக் கூட்டி வந்தாள். நல்ல பையன். நான் போட்ட காபியைக் குடித்துவிட்டு டம்ளரைக் கழுவி வைத்தான். என் வீட்டுக்காரர் அதைப் பார்த்துவிட்டு, இது சரியாக வரும் என்றார். இரண்டு வீட்டிலும் பேசி முடித்தோம். எங்கள் ரோட்டிலேயே இருக்கும் மண்டபத்தைப் பிடித்தோம்.

இங்கேதான் அண்ணன் வருகிறார். எனக்கு அப்பா அம்மா போய்விட்டார்கள். பிறந்த வீடு என்றால் அந்தியூர்ப் பக்கம் காடு கழனி பார்த்துக்கொண்டிருக்கும் என் அண்ணனும் அண்ணியும்தான். அண்ணியை நாம் நங்கையா என்போம். அண்ணனுக்கு ஒரு பையன், செந்தில்.

வழக்கம் உங்களுக்குத் தெரியும். தெரியாத சின்ன வயதுக்காரர்களுக்காகச் சொல்கிறேன். நம் பக்கம் பெண்ணைப் பெற்றவள், வெளியே பெண் கொடுக்கும் முன் அண்ணனிடம் போய், உங்கள் பையனுக்கு எடுத்துக்கொள்கிறீர்களா, வெளியே கொடுக்கட்டுமா என்று முறை கேட்க வேண்டும். பையனுக்கு மனமில்லை என்று ஊருக்கே தெரிந்தாலும் கேட்க வேண்டும். பையனுக்கு வேறு இடத்தில் கல்யாணமே ஆகியிருந்தாலும் கேட்க வேண்டும். செந்திலுக்கு ஆகியிருந்தது, கைக்குழந்தையும் இருந்தது. இருந்தாலும் கேட்க வேண்டும். அண்ணன், வெளியே கொடு என்று சொல்ல வேண்டும். அப்படிச் சொன்ன தாய்மாமன்தான் பிறகு சீர் கொண்டுவருவார். அவர் கொண்டுவரும் புடவையை உடுத்தி, அவர் போடும் மாலையோடுதான் பெண் சபைக்கு வரும். கேட்காமல் செய்தால் மாமனை ஒதுக்கிவிட்டுச் செய்ததாக அர்த்தம்.

அடுத்த வாரம் போய்க் கேட்பதாக இருந்தோம். அதற்குள் பத்திரிகையின் படம் சுமதியின் போனுக்கு வந்துவிட்டது. எல்லாருக்கும் ஒன்றாக அனுப்பிவிட்டாள். அந்த எல்லாரில் செந்திலும் இருந்தான். செந்தில் அதை அப்பாவிடம் காட்டினான்.

அண்ணன் போன் பண்ணினார். எனக்கு இல்லை, என் வீட்டுக்காரருக்கு.

"மாப்ள, கல்யாணம் போன்ல வந்துதுங்க. நானும் போன்லயே ஆசீர்வாதம் பண்ணிக்கறேன்."

வைத்துவிட்டார்.

4

உடனே கிளம்பி அந்தியூர் போனோம். வெற்றிலை, பாக்கு, பழம், பத்திரிகை எல்லாம் தட்டில் வைத்து நீட்டினோம். அண்ணன் தட்டை வாங்கவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. மழை எப்படி என்று கேட்டார். மைசூரில் பெய்கிறது என்றார் என் வீட்டுக்காரர். இங்கே இல்லை என்றார் அண்ணன். என் வீட்டுக்காரர் தட்டை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றியதும், நங்கையா வந்து வாங்கி உள்ளே கொண்டு போனார்.

அப்போதே முறை கேட்டிருக்கலாமே என்று தோன்றும். பத்திரிகை அடித்த பிறகு கேட்டால் கேலி செய்வது போல இருக்கும் என்று பஸ்ஸில் வரும்போது என் வீட்டுக்காரர் சொல்லியிருந்தார். இருந்தாலும் கேட்டுவிடலாம் என்று நான் வாயெடுத்தேன்.

"காப்பி ஆறுது" என்றார் அண்ணன்.

குடித்தேன்.

வாசலில் செருப்புப் போடும்போது, "வந்துருவீங்கல்லண்ணா?" என்றேன்.

"பாக்கலாம்" என்றார்.

அண்ணனுடைய பாக்கலாம் எனக்குப் புதிதில்லை. கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவர் என் மைசூர் வீட்டு வாசலை மிதித்ததில்லை. சண்டை ஒன்றும் கிடையாது. ஒரு தடவை மாடு கன்று போட்டிருக்கும், ஒரு தடவை மஞ்சள் வேகவைக்க ஆள் கிடைத்திருக்கும், ஒரு தடவை மைசூரில் வண்டி ஜாஸ்தி, ரோட்டில் நடக்க முடியாது என்பார். நான்தான் போவேன், வருவேன். அதில் எனக்குக் குறை இல்லை. ஆனால் அவருக்கும் எனக்கும் நடுவில் இதுவரை மலையும் மாடும் மஞ்சளும்தான் இருந்தன. இப்போது ஒரு மனஸ்தாபமும் வந்துவிட்டது.

"மாமா வரலைன்னா என்னம்மா? சீர்னா கிஃப்ட்தானே?" என்றாள் சுமதி.

"கிஃப்ட் இல்ல கண்ணு."

"அப்போ என்ன?"

அவள் சொல்வதிலும் ஒரு கணக்கு இருந்தது. அண்ணன் வராவிட்டாலும் கல்யாணம் நடந்துவிடும். எனக்குத்தான் பிறந்த வீடு இல்லாமல் போகும்.

5

மண்டபத்தைப் பிடித்தபோது ரோட்டுக்கு நாள் குறிக்கவில்லை. கல்யாணத்துக்குப் பத்து நாள் முன்னால்தான் நோட்டீஸ் ஒட்டினார்கள். அந்தச் சனிக்கிழமை சாயங்காலத்திலிருந்து ரோட்டில் வண்டி விடுவதில்லை, எல்லாரும் நடந்து வந்து மகிழவும் என்று போட்டிருந்தது. அதே சனிக்கிழமை சாயங்காலம்தான் எங்களுக்கு ரிசப்ஷன், சீர், நலங்கு எல்லாம்.

மண்டபத்து மேனேஜர், சாமான்களை மத்தியானத்துக்குள் இறக்கிவிடுங்கள் என்றார். இறக்கினோம். மாப்பிள்ளை வீட்டார் தடுப்புக்கு வெளியே இறங்கி, ராட்டினம் பார்த்து, ஐஸ்கிரீம் சாப்பிட்டு, திருவிழாவுக்கு வருவது போல நடந்து வந்து சேர்ந்தார்கள். ரொம்ப சந்தோஷமாக இருந்தார்கள். சம்பந்தியம்மா என் கையைப் பிடித்து, ரோட்டை எங்கள் கல்யாணத்துக்காகவே இப்படிப் பண்ணினீர்களா என்றார். நான் சிரித்து வைத்தேன். ஆமாம் என்று சொன்னதாக எடுத்துக்கொண்டார்.

விளக்கு வைக்கிற நேரம் ஆயிற்று. அண்ணன் வரவில்லை. போனும் எடுக்கவில்லை. சம்பந்தியம்மா இரண்டு தடவை வந்து எதற்காகக் காத்திருக்கிறோம் என்று கேட்டார். என் வீட்டுக்காரர் மொடமொடப்பான வேட்டியில் உட்காராமல் நின்றுகொண்டே, "வந்தா போன் பண்ணுவாரு, வந்தா போன் பண்ணுவாரு" என்று எல்லாரிடமும் சொன்னார். அலங்காரம் முடிந்து உட்கார்ந்திருந்த சுமதி என்னைப் பார்த்தாள்.

"பர்லில்லான்னா பிடும்மா" என்றாள். வரவில்லை என்றால் விட்டுவிடு என்கிறாள். கன்னடத்தில் சொன்னதால் கோபம் என்று தெரிந்தது. யார் மேல் என்று தெரியவில்லை.

அப்போது ஜயம்மா சமையல் கட்டு வழியாக உள்ளே ஓடி வந்தாள். அன்றைக்கும் அவள் வியாபாரத்தை விடவில்லை. கையில் வெள்ளரிக்காய் சீவுகிற கத்தி.

"சரசக்கா, பேக பா, சீக்கிரம்! தடுப்புக்கிட்ட ஒரு பெரியவர் நிக்கிறார். உங்க பாஷைதான். கையில ரோஜாப்பூ வெச்சிருக்கார்."

"ரோஜாப்பூவா?"

"ஆமா. மூஞ்சி மட்டும் அந்தப் பூவுக்கு ஏத்த மாதிரி இல்ல."

6

ஓடினோம். என் வீட்டுக்காரர் முன்னால், நான் பின்னால், ஜயம்மா கத்தியோடு எங்களுக்கும் பின்னால். நடுரோட்டில் ஓடுகிறோம், ஒரு வண்டி கிடையாது. குழந்தைகள் பலூனை விட்டுவிட்டுப் பிடித்துக்கொண்டிருந்தன. ஜனங்கள் பின்னால் திரும்பிப் பார்க்காமல் நடந்தார்கள். நான் மட்டும்தான் பழக்கத்தில் இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டே ஓடினேன்.

தடுப்புக்கு அந்தப் பக்கம் அண்ணன் நின்றார். கூட நங்கையா, செந்தில், அவன் மனைவி, செந்தில் தோளில் குழந்தை. கீழே பெட்ஷீட் விரித்து அதன் மேல் சீர்த்தட்டுகள். தேங்காய், பழம், வெல்லம், வாழைத்தார், மாலை, கொள்ளேகாலில் இறங்கி வாங்கிய பட்டுப்புடவை. நேரம் போனது அங்கேதானாம். நங்கையாவுக்கு ஒரு நிறமும் பிடிக்கவில்லை. வேன்காரர் தட்டுகளை இறக்கி வைத்துவிட்டு நிறுத்துமிடம் தேடிப் போய்விட்டார். அண்ணன் திரும்பிப் போகலாம் என்றால் வண்டி இல்லை. உள்ளே வரலாம் என்றால் யாரும் கூப்பிடவில்லை.

சீரோடு வந்த மாமன், பெண் வீட்டார் எதிரில் வந்து அழைக்காமல் ஓர் அடி எடுத்து வைக்க மாட்டார். இது நமக்குத் தெரியும். தடுப்பில் நின்ற ஹோம்கார்டுக்கு எப்படித் தெரியும்? முதல் நாள் என்பதால், திருப்பி அனுப்பும் ஒவ்வொரு வண்டிக்காரருக்கும் ஒரு ரோஜா கொடுக்கச் சொல்லி அவரிடம் ஒரு பக்கெட் நிறையப் பூ கொடுத்திருந்தார்கள். அண்ணனுக்கும் கொடுத்திருக்கிறார்.

"சார், நட்கொண்டு ஹோகி சார். நடந்து போங்க. ரோடு தும்ப சென்னாகிதே, ரொம்ப நல்லா இருக்கு" என்று கெஞ்சிக்கொண்டிருந்தார்.

"நடக்கத் தெரியாமயா வந்தோம்? கூப்புட ஆளு வரோணும்."

"நான் கூப்பிடறேன் சார். வாங்க."

"நீ கூப்புட்டு வர்றதுக்கு நீ என்ன என்ற தங்கச்சியா?"

என் வீட்டுக்காரர் மூச்சு வாங்கிக்கொண்டு போய் நின்றார். "வாங்க மச்சான். வண்டி உள்ள வராதுங்க. நடந்துரலாம்" என்றார்.

அவர் அதைச் சொல்லியிருக்க வேண்டாம்.

"வண்டி வராதுன்னு சொல்லத்தான் மாப்ள இத்தன தூரம் ஓடியாந்தீங்களா? நான் வர வேண்டாம்னா ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம். ரோட்டயே அடைச்சு, ஆளப் போட்டு, பூவக் குடுத்துத் திருப்பி அனுப்பறீங்க."

"நாங்க அடைக்கலைங்க மச்சான். கவர்மெண்ட்டு."

"நான் வருவேன்னு கவர்மெண்ட்டுக்கு எப்பிடித் தெரியும்?"

ஹோம்கார்டு, பேச்சு முடிகிற மாதிரி இல்லை என்று நினைத்தாரோ என்னவோ, இன்னொரு ரோஜாவை எடுத்து என் வீட்டுக்காரரிடம் கொடுத்தார்.

கூட்டம் கூடிவிட்டது. ஆரஞ்சுத் தொப்பி போட்ட தமிழ்நாட்டு டூர் கூட்டம் ஒன்று புதுப் பெஞ்சுகளில் வசதியாக உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தது. பேச்சைக் கேட்டால் அருப்புக்கோட்டைப் பக்கம் போலத் தெரிந்தது. இந்தப் பக்கம், வருகிறவர்களுக்காக ஏற்பாடு செய்திருந்த மேளக்காரர்கள், டொள்ளு என்கிற பெரிய மேளத்தைக் கட்டிக்கொண்டு ஆடி அடித்துக்கொண்டிருந்தார்கள்.

அண்ணன் என்னைப் பார்க்கவில்லை. நங்கையா பார்த்தார். கண்ணால் ஏதோ சொன்னார். எனக்கு அது புரிந்தது. வாங்க என்று மட்டும் சொன்னால் அண்ணன் வருவார், சீர் வைப்பார், சாப்பிடாமல் போவார். இன்னொன்று கேட்க வேண்டியிருக்கிறது.

இத்தனை பேர் நடுவில் எப்படிக் கேட்பது? மேளச் சத்தம் வேறு. அதற்கு மேல் கேட்க வேண்டுமே என்று நெஞ்சில் மூச்சைப் பிடித்துக் குரலெடுத்தேன். நான் வாய் திறந்த நேரம் பார்த்து மேளக்காரர்கள் நிறுத்திவிட்டார்கள்.

"ஏனுங்கண்ணா! என்ற புள்ளைய உங்க பையனுக்கு எடுத்துக்கறீங்களா, இல்ல வெளிய குடுக்கட்டுங்களா?"

ரோடு முழுக்கக் கேட்டது. ராட்டினத்தில் இருந்தவர்களுக்கும் கேட்டிருக்கும்.

"அப்பா…" என்றான் செந்தில்.

"நீ கம்முனு இரு. உன்னையக் கேக்கல."

செந்திலின் மனைவி என்னைப் பார்த்தாள், அப்புறம் குழந்தையைப் பார்த்தாள். நல்ல பெண்.

"ஏட்டி, அவன் பொண்டாட்டி புள்ளையோடல்ல நிக்கான்?" என்றாள் ஒரு தொப்பிக்காரி.

"சும்மா இருடி. முறை கேக்காக" என்றாள் இன்னொருத்தி.

அண்ணன் யோசித்தார். உண்மையாகவே யோசித்தார். செந்திலைத் தலையிலிருந்து கால் வரை பார்த்தார். ரோட்டைப் பார்த்தார். கையிலிருந்த ரோஜாவைப் பார்த்தார். என் வீட்டுக்காரர் தன் ரோஜாவைப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

"எடம் எப்பிடி?" என்றார் அண்ணன்.

"நல்ல எடந்தானுங்கண்ணா."

"பையன்?"

"காப்பி குடிச்ச டம்ளரைக் கழுவி வெக்கிறானுங்க."

நங்கையா அவரை ஒரு பார்வை பார்த்தார்.

"எம் பையனுக்கு வேண்டாம்" என்றார் அண்ணன். "வெளிய குடு."

"செரிங்கண்ணா. நாளைக்குக் காலைல முகூர்த்தம். மண்டபத்துக்கு வாங்கண்ணா. வாங்க நங்கையா. வா செந்திலு. வா அம்மிணி."

அண்ணன் தோள் துண்டை எடுத்துத் தலையில் கட்டினார். கையிலிருந்த ரோஜாவை என்ன செய்வதென்று பார்த்துவிட்டு வெல்லத் தட்டில் வைத்தார்.

அதன் பிறகுதான் ஒரு விஷயம் எல்லாருக்கும் தெரிந்தது. தட்டுகள் நிறைய, தூக்க ஆளில்லை. வர மாட்டேன் என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்ததால், வரும்போது அண்ணனால் பங்காளிகள் யாரையும் கூப்பிட முடியவில்லை. யாருக்கும் தெரியாமல் விடிகாலையில் கிளம்பியிருக்கிறார்கள்.

நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நிற்கும்போதே ஆரஞ்சுத் தொப்பிக்காரி எழுந்தாள். "ஏய், சீரு ரோட்டுல கெடக்கு, ஒக்காந்து வேடிக்க பாக்கீகளா? எடுங்கடி!" என்றாள். பெஞ்சு காலியாயிற்று. செருப்பை ஓரமாகக் கழற்றிவிட்டு ஆளுக்கொரு தட்டாகத் தூக்கிக்கொண்டார்கள். வாழைத்தாரை அவர்களுடைய டிரைவர் தோளில் வைத்துக்கொண்டார். பட்டுப்புடவைத் தட்டை மட்டும் நங்கையா யாரிடமும் கொடுக்கவில்லை.

"எங்கூர்ல தாய்மாமன் இப்பிடி நின்னா, உள்ள பந்தி முடிஞ்சுபோகும் அண்ணாச்சி" என்றாள் தலைவி போல இருந்தவள்.

"எங்கூர்ல நிக்காம வந்தா மாமனே இல்லீங்க" என்றார் அண்ணன். பேச்சு வந்துவிட்டது அவருக்கு.

நாங்கள் நடக்க ஆரம்பித்ததும் மேளக்காரர்கள் முன்னால் வந்து சேர்ந்துகொண்டார்கள். நாங்கள் கூப்பிடவில்லை. நிகழ்ச்சி நிரலில் அடுத்தது நாங்கள்தான் என்று நினைத்திருப்பார்கள். மைக்கில் ஒருவர் எங்களைப் பற்றி ஏதோ அறிவித்தார். வடநாட்டுக் குடும்பம் ஒன்று ஓரமாக நின்று கும்பிட்டது. ஹோம்கார்டு தடுப்பை அகலமாகத் திறந்து பிடித்துக்கொண்டார். ஜயம்மா கத்தியை இடுப்பில் செருகிக்கொண்டு, தேங்காய்த் தட்டைத் தலையில் வைத்து எல்லாருக்கும் முன்னால் போனாள்.

7

பாதி ரோடு வந்ததும் அண்ணன் நின்றார். நான் பயந்துபோனேன். இன்னும் ஏதோ முறை விட்டுப்போய்விட்டது என்று நினைத்தேன். அவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு கல் பெஞ்சில் உட்கார்ந்தார். மாமன் நின்றால் சீர் முன்னால் போகக் கூடாது. அதனால் எல்லாரும் நின்றார்கள். மேளக்காரர்கள் நின்ற இடத்திலேயே அடித்தார்கள். தொப்பிக்காரிகள் தட்டைக் கையில் வைத்துக்கொண்டே ராட்டினத்தைப் பார்த்தார்கள்.

"உக்காரு" என்றார் அண்ணன்.

அவருக்குச் சமமாக நான் உட்கார்ந்ததில்லை. பெஞ்சு நீளமாக இருந்தது. மறு ஓரத்தில் உட்கார்ந்தேன்.

"கால் ரொம்ப வலிக்குதுங்களா?"

"வயசாச்சல்ல." கொஞ்ச நேரம் ரோட்டைப் பார்த்தார். "வண்டியே காணம்."

"இன்னைலிருந்து விடறதில்லீங்கண்ணா. நடக்கறவங்களுக்குன்னு போட்டது."

"நல்லாத்தான் இருக்குது. நடுவுல ஒக்கார எடமும் போட்டிருக்கறாங்க." முழங்காலைத் தேய்த்துக்கொண்டார். "முந்தியே போட்டிருந்தா நானும் முந்தியே வந்திருப்பேன்."

மண்டபத்து வாசலில் சுமதி நிற்பது தெரிந்தது. மாலைக்கும் புடவைக்கும் முன்னால் பெண் வெளியே வரக் கூடாது. அது அவளுக்குத் தெரியாது. மாமா என்று கையை ஆட்டினாள். அண்ணனும் கையைத் தூக்கினார், பாதி வரைக்கும்.

"உன்ற ஊடு எங்க புள்ள?" என்றார்.

எதிரில் இருக்கும் சந்துப் பக்கம் கை காட்டினேன். ஜூஸ் கடைக்குப் பக்கத்தில் திரும்பி, உள்ளே மூன்றாவது வீடு.

"நடக்கற தூரந்தானா?"

"நடக்கற தூரந்தானுங்கண்ணா."

"காலைல முகூர்த்தம் முடிஞ்சதும் போலாம்" என்றார். பெஞ்சில் கையூன்றி எழுந்தார். சீர் நகர்ந்தது.